அல்லைப்பிட்டியில் எழும் துதிப்பாடல்

வகுப்பில் திருமுறைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அப்பரடிகள் நீற்றறையில் இடப்பட்ட வரலாற்றைக் கூறி, அவ்வெம்மையினிடையே அவர் இறைவனைப் பாடியிருந்த திறத்தை யாம் விளக்கி முடித்தோம். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, எல்லாம் உடைய இறைவனுக்கு நம்முடைய புகழ்ச்சி எதற்கு? மனிதரைப் புகழ்ந்தால் முகமன் என்கிறோம். கடவுளைப் புகழ்ந்தால் மட்டும் அது பக்தியாகிவிடுமா?" என்று வினவினாள். வகுப்பு நகைத்தது. யாம் நகைக்கவில்லை. அவ்வினா அப்பொழுது எம் உள்ளத்திலும் கிடந்த வினாவாகும்.

எம் அன்னையார் இறைவனடி சேர்ந்த ஆண்டு அது. எமக்குத் தேவாரம் சொல்லித் தந்தவர் அவரே. மாலை விளக்கேற்றியதும் எம்மை அருகில் இருத்தி, ஓரடியைத் தாம் பாடி மறு அடியை எம்மைப் பாடச் செய்வார். அவ்வாறு கற்ற யாம், அவருடைய அந்தியேட்டி நாளன்று உறவினர் ஒரு பதிகம் பாடும்படி வேண்டியபோது, வாய் திறக்க இயலாது எழுந்து புறத்தே சென்றுவிட்டோம். பல மாதம் நோயுற்றுக் கிடந்த அன்னைக்காக நாள்தோறும் வேண்டினோம், வேண்டியது கிட்டவில்லை. கிட்டாத இடத்திற் புகழ் எங்ஙனம் பிறக்கும் என்பதே அன்று எம் நிலை. எனவே அம்மாணவிக்கு நூல்களிற் கண்ட விடையொன்றைக் கூறி அமர்த்தினோம். மெய்யான விடை பின்னர், யாம் சற்றும் எதிர்பாராத இடத்தில் எமக்குக் கிடைத்தது. அவ்விடம் அல்லைப்பிட்டி.

கடலோரத்துச் சிற்றூர்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக மேற்கு நோக்கிச் செல்வோர், இருமருங்கும் ஆழமற்ற கடல் பரந்து கிடக்கக் காண்பர். மண்டைதீவுக்குப் பிரியும் வழியைக் கடந்து சென்றால் வேலணைத்தீவின் தலைவாயில்போல் அமைந்த அல்லைப்பிட்டி தோன்றும். பனங்கூடலும் வெண்மணலும் மீன்வலையும் தோட்டமும் கொண்ட சிற்றூர். சிறிதாயினும் அது கடல்வழி வந்த பல பொருள்களை ஏற்ற கரையாகும். பதினொன்று, பன்னிரண்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த சீனப் பீங்கான் துண்டுகள் இம்மண்ணினின்றும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரொன்றின் பெயரால் இத்தீவை லைடன் என அழைத்தனர். பொருளோடு சமயமும் பாட்டும் கடல்வழி இங்கு வந்தன.

இவ்வூர்க் கத்தோலிக்க மக்களின் ஆலயம் புனித பிலிப்பு நேரியார் பெயரால் விளங்குவது. எம்மோடு பணியாற்றும் கத்தோலிக்க நண்பர் ஒருவர், வைகாசி மாதத்து மாலைப்பொழுதொன்றில் எம்மை அங்கு அழைத்துச் சென்றார். சோழகக் காற்று வீசிக்கொண்டிருந்தது. பாடகர் குழாத்துச் சிறுவரும் சிறுமியரும் ஆர்மோனியத்துக்கிசையப் பாடத் தொடங்கினர். அடுத்த அடியை ஆலயம் முழுவதும் எடுத்துப் பாடியது. எமக்கு முன்வரிசையில் வெண்சேலை உடுத்த முதிய அன்னையர் சிலர் இருந்தனர். அவர் கையிற் பாட்டுப் புத்தகம் இல்லை. ஒருவர் குரல் நடுங்கிற்று. மற்றொருவர் சுருதியை விட்டு விலகினார். எனினும் ஒருவரும் ஓர் அடியையும் விட்டாரல்லர். நண்பர் எம் செவியருகே குனிந்து, அவ்வன்னையருள் இருவர் 2006ஆம் ஆண்டிற் பிள்ளைகளை இழந்தவர்கள் எனத் தாழ்ந்த குரலிற் கூறினார்.

அவ்வொரு சொல்லால் அப்பாட்டு எமக்கு வேறு பாட்டாயிற்று.

பாட்டை மக்களிடம் தந்த துறவி

அவ்வாலயத்தின் காவலராகிய பிலிப்பு நேரியார் யாவர் என்பதை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். இத்தாலி நாட்டுப் புளோரன்சு நகரில் 1515ஆம் ஆண்டிற் பிறந்தவர், உரோமாபுரியில் வாழ்ந்தவர், 1551இற் குருவானவர். நகைச்சுவையும் எளிமையும் மிக்க அப்பெரியார், மாலைதோறும் இளைஞரையும் தொழிலாளரையும் வணிகரையும் ஒருங்கு கூட்டி, வேதநூலை வாசித்து, எளிய உரை நிகழ்த்தி, இடையிடையே அனைவரையும் பாடச் செய்தார். அன்று ஆலயத்துத் திருவழிபாடு இலத்தீன் மொழியில் நிகழ்ந்தது. இவர் கூட்டத்திற் பாடப்பட்டவையோ மக்கள் பேசும் இத்தாலிய மொழியில் அமைந்த துதிப்பாடல்கள். அனிமூச்சா என்னும் இசைவாணர் அவற்றுக்கு இசையமைத்து 1563ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார்.

அக்கூட்டம் நிகழ்ந்த செபக்கூடத்தை 'ஒரத்தோரியோ' என அழைத்தனர். அப்பெயரே பிற்காலத்தில் வேதாகம வரலாறுகளைக் குரலிசையாற் கூறும் பெரும் இசைவடிவத்துக்கும் பெயராயிற்று. 1742ஆம் ஆண்டு டப்ளின் நகரில் முதன்முதல் அரங்கேறிய ஹாண்டெல் என்பாரின் 'மெசையா' அவ்வகையினதே. கற்றறிந்தோர் இன்று பெருமண்டபங்களிற் கேட்டு வியக்கும் இசைமரபு ஒன்றின் ஊற்று, பாடத் தெரியாத சாதாரண மக்களைப் பாட வைத்த ஒரு குருவின் மாலைக் கூட்டத்தில் உள்ளது.

நேரியாரின் சபையை 1575ஆம் ஆண்டிற் பாப்பரசர் அங்கீகரித்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் கோவையில், அதாவது இன்றைய கோவா நாட்டில், அச்சபையின் நெறியைத் தழுவி இந்தியக் குருமார் ஒன்று கூடினர். அவருள் தலையாயவரே இலங்கையின் அப்போஸ்தலர் எனப் போற்றப்படும் யோசேவ்வாஸ் முனிவர். அவர் 1687ஆம் ஆண்டில் இரவலர் கோலம் பூண்டு யாழ்ப்பாணக் கரையில் இறங்கினார். 2015 சனவரி 14ஆம் நாள் கொழும்பிற் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

குருவற்ற காலமும் பாட்டின் காவலும்

அவர் ஏன் இரவலர் கோலத்தில் வந்தார்? 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அவர்களுக்கு அடைக்கலம் தருவோர்க்கு மரணதண்டனை என விதித்தனர். ஏறக்குறைய முப்பதாண்டுக் காலம் குருவுமில்லை, திருப்பலியுமில்லை. அத்தகைய காலத்தில் ஒரு மக்களின் நம்பிக்கை எவ்வாறு உயிர் வாழும்? ஆலயத்தைப் பறிக்கலாம், நூலைத் தீயிலிடலாம், நெஞ்சில் நின்ற பாட்டைப் பறிக்க இயலாது. தாய் பாடப் பிள்ளை கேட்டால் அது அடுத்த தலைமுறைக்குச் சென்றுவிடும்.

ஒல்லாந்தர் வருமுன்னரே தமிழில் அத்தகைய பாட்டு இங்கே வேரூன்றியிருந்தது. யாழ்ப்பாணத்தில் 1642இல் எழுந்த 'ஞானப்பள்ளு' உழவர் பாடும் பள்ளு வடிவில் அமைந்தது. தெல்லிப்பழைப் பேதுருப்புலவர் 1647இல் இயற்றிய 'சந்தியோகுமையோர் அம்மானை', கிளாலியில் எழுந்தருளியுள்ள யாகப்பரைப் பெண்டிர் அம்மானை வடிவிற் பாடுவது. பள்ளும் அம்மானையும் புலவர் அவைக்கு மட்டும் உரியவை அல்ல. வயலிலும் முற்றத்திலும் வழங்குபவை. அவ்வடிவங்களைத் தேர்ந்தெடுத்தோர், பாட்டு எங்கே வாழும் என்பதை அறிந்தோரே.

யோசேவ்வாஸ் முனிவரைத் தொடர்ந்து 1705ஆம் ஆண்டில் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார், தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை இயற்றினார். அவர் பெயரால் வழங்கும் 'வியாகுலப் பிரசங்கம்' ஒன்பது பகுதிகளை உடையது. தவக்காலத்து மாலைகளில் அதனை ஒருவர் ஒப்பாரியை ஒத்த சோக இசையில் நீட்டி வாசிக்க, மக்கள் கண்ணீர் மல்கக் கேட்பர். மரித்தோர்க்கு நம்மூர் அன்னையர் அழும் இசையிலேயே கிறிஸ்துவின் பாடுகளையும் அழுதனர். வேற்று நாட்டிற் பிறந்த சமயம் வீட்டுத் துயரத்தின் மொழியைப் பெற்றபோதே அது வீட்டுச் சமயமாயிற்று.

பிரித்தானியர் ஆட்சியில் 1806ஆம் ஆண்டு கத்தோலிக்கர் மீதிருந்த தடைகள் நீங்கின. ஆயினும் திருப்பலியின் மொழி இலத்தீனாகவே நீடித்தது. 1963 டிசெம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், மக்கள் மொழிக்கு வழி திறந்ததோடு, அந்தந்த நாட்டு இசைமரபுக்கும் உரிய மதிப்பளிக்க வேண்டுமென்றது. மிருதங்கமும் வயலினும் ஆலயத்துள் ஒலிக்கலாயின. 1965இல் மரிய சேவியர் அடிகளார் யாழ்ப்பாணத்தில் தோற்றுவித்த திருமறைக் கலாமன்றம், பாடுகளின் நாடகத்தையும் நாட்டுக்கூத்தையும் பேணி வளர்த்தது. பிலிப்பு நேரியார் நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் தம் மாலைக் கூட்டத்திற் செய்தது உலகமெங்கும் ஆலயத்துக்குள்ளேயே நிகழலாயிற்று.

சைவர் கையும் பட்ட பாட்டு

சைவராகிய எமக்கு இவ்வரலாற்றில் இருக்கும் உரிமையையும் ஒரு சொல்லாற் குறிப்பிட விரும்புகின்றோம். பதினெட்டாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த கூழங்கைத் தம்பிரான் சைவத் துறவி; இலக்கணக் கடல். அவரே 'யோசேப்புப் புராணம்' பாடி, அதனைத் தம் நண்பராகிய கிறிஸ்தவ குரு பிலிப்பு தெ மெல்லோவுக்கு உரிமையாக்கினார் என, 1859இல் வெளிவந்த சைமன் காசிச்செட்டியின் புலவர் வரலாறு கூறுகின்றது. சைவத்தின் காவலராய் விளங்கிய நல்லூர் ஆறுமுக நாவலரும், இளமையிற் பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகமத் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. தம் நெறியில் உறுதியுடையோர் பிறர் வழிபாட்டை மதிக்க அஞ்சார் என்பதற்கு இவ்விருவரும் சான்று.

துதியென்பது யாது?

இனி மாணவியின் வினாவுக்கு வருவோம். கிறிஸ்தவ மறையில் துதிக்கு அடிநிலையாக அமைந்தது, கத்தோலிக்கர் 'திருப்பாடல்கள்' என்றும் புரட்டஸ்தாந்தர் 'சங்கீதம்' என்றும் வழங்கும் 150 பாடல்களின் தொகுதி. எபிரேய மொழியில் அந்நூலின் பெயர் 'துதிகள்' என்னும் பொருளது. நூலைத் திறந்து நோக்குவோர்க்கு வியப்பொன்று காத்திருக்கின்றது. அவற்றுள் மூன்றிலொரு பங்கு, எண்ணுவோர் கணக்கில் அதற்கும் மேலாக, துதியே அல்ல, முறையீடு! பகைவர் சூழ்ந்தனர், நோய் வாட்டுகின்றது, நீ ஏன் உறங்குகின்றாய் எனக் கடவுளிடமே வழக்குரைக்கும் பாடல்கள். 88ஆம் பாடல் இறுதிவரை இருளினின்றும் வெளிவரவே இல்லை. 22ஆம் பாடல் கைவிடப்பட்டோன் கதறலாய்த் தொடங்கித் துதியாய் முடிகின்றது. சிலுவையில் தொங்கிய இயேசுவின் வாயில் எழுந்ததும் அப்பாடலின் தொடக்கமே. அழுகையையும் வழக்கையும் உட்கொண்ட இத்தொகுதிக்குத் 'துதிகள்' எனப் பெயரிட்டோர் அறியாது இட்டாரல்லர்.

முகமன் கூறுவோன் அரசனிடம் தன் துயரைச் சொல்லமாட்டான். அரசன் முகம் கோணும் என அஞ்சுவான். துதிப்போனோ தன் துயரை மறைப்பதில்லை. முகமன் ஒரு பயனை நோக்கியது; பயன் கிட்டாவிடின் அடுத்த வாயிலை நாடும். துதி அத்தகையதன்று. மன்றாட்டு நம் தேவையைப் பற்றியது. நன்றி நாம் பெற்றதைப் பற்றியது. துதியோ இறைவன் இன்னான் என்பதைப் பற்றியது. ஆதலின் பெற்றது ஏதுமில்லாத நாளிலும் துதிக்க இயலும். நம் திருமுறைகளிற் போற்றித் திருத்தாண்டகமும் போற்றித் திருவகவலும் இந்நிலையினவே.

புதிய ஏற்பாடு இதனை இரு காட்சிகளால் உணர்த்துகின்றது. இயேசு தம் சீடருடன் இறுதி இராவுணவு அருந்தியபின், பாட்டுப் பாடிவிட்டே ஒலிவ மலைக்குப் புறப்பட்டார் என மத்தேயு கூறுகின்றார். பாஸ்கா விழாவில் யூதர் பாடும் 113 முதல் 118 வரையுள்ள பாடல்களின் பகுதியே அது என்பர் அறிஞர். காட்டிக்கொடுத்தலும் கைதும் மரணமும் காத்திருந்த இரவு அது. மற்றையது, பிலிப்பி நகர்ச் சிறையில் அடியுண்டு தொழுவில் மாட்டப்பட்ட பவுலும் சீலாவும் நள்ளிரவிற் பாடியது. நிலம் அதிர்ந்து சிறைக்கதவு திறந்தது பின்னர். அவர்கள் பாடியது முன்னர். மற்றைக் கைதிகள் அதனைக் கேட்டுக்கொண்டிருந்தனர் என்னும் சிறு குறிப்பையும் அந்நூல் தருகின்றது. நீற்றறையில் இருந்து பாடிய நாவுக்கரசரை அறிந்த நமக்கு இக்காட்சி அயலதன்று.

ஏறக்குறைய கி.பி. 112ஆம் ஆண்டளவில் உரோம ஆளுநர் பிளினி தம் பேரரசனுக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர் குறித்த நாளில் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவைத் தெய்வமாகக் கொண்டு மாறிமாறிப் பாடுகின்றனர் எனக் குறித்தார். அவர்களைத் தண்டித்த ஒருவரே அவர்தம் அடையாளமாகக் கண்டது பாட்டை.

2006

அல்லைப்பிட்டி கண்ட துயரங்களைக் கூறாது அதன் பாட்டைக் கூறுதல் நேர்மையன்று. 1990களின் தொடக்கத்தில் தீவக மக்களுட் பெரும்பாலோர் போர் காரணமாக ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். மீண்டு வந்து விளக்கேற்றியோர்க்கு 2006ஆம் ஆண்டு பேரிடியாய் வந்தது. அவ்வாண்டு மே 13ஆம் நாள் இரவு தீவகத்திற் பொதுமக்கள் 13 பேர் கொல்லப்பட்டனர். அவருட் பெரும்பாலோர் அல்லைப்பிட்டியைச் சேர்ந்தோர். குழந்தைகளும் அவருள் அடங்குவர். ஆகஸ்டு மாதத்திற் குடாநாட்டிற் போர் மூண்டபோது, பிலிப்பு நேரியார் ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள் எறிகணை வீச்சுக்கு இலக்காயினர், பலர் மாண்டனர். எஞ்சியோரைப் பங்குத்தந்தை திருச்செல்வம் நிகால் ஜிம் பிறவுண் அடிகளார் ஊர்காவற்றுறைக்கு அழைத்துச் சென்றார். ஆகஸ்டு 20ஆம் நாள் அல்லைப்பிட்டிக்குச் சென்ற அவரும் அவருடன் சென்ற ஒருவரும் மீண்டு வரவில்லை.

இறந்தோர்க்குக் கல்லறையுண்டு, ஆண்டுதோறும் பூசையுண்டு. காணாமற் போனோர்க்கு அதுவும் இல்லை. இத்தகைய இழப்புக்களைத் தாங்கிய ஊரில், எறிகணை வீழ்ந்த ஆலயத்தில், மக்கள் மீளவும் கூடித் துதிக்கின்றனர். இது மறதியா? அன்று. வழிபாட்டின் இடையே மரித்தோர்க்காக மன்றாட்டு எழுந்தபோது அவ்வாலயம் எவ்வளவு அமைதியுற்றது என்பதை யாம் கண்டோம். வெளியே காற்றின் ஒலி மட்டும் கேட்டது. நீதி தேடும் குரலை இவர்தம் துதி அடக்கிவிட்டதோ எனின், அதுவும் இல்லை. முறையீட்டுப் பாடல்களையும் துதிகள் என்றே எண்ணும் நெறியில், வழக்கும் வணக்கமும் ஒரே வாயில் இருக்கலாம். தமக்கு நேர்ந்தது நன்றென அவர்கள் பாடவில்லை. தமக்குத் தீமை செய்தது எதுவோ அது இறைவனன்று என்றும், இறுதிச்சொல் அத்தீமைக்கு உரியதன்று என்றும் பாடுகின்றனர். துதி அவர்கட்கு உடன்பாடன்று, மறுப்பு. கொலைக்கும் அச்சத்துக்கும் தம் நாவை ஒப்படைக்க மறுக்கும் மறுப்பு.

விடை

அன்று இரவு தாம்போதி வழியே மீளும்போது எம் நண்பரும் யாமும் ஏதும் பேசவில்லை. இருபுறமும் நீரில் மீனவர் விளக்குகள் மினுங்கின. அன்னையார் எமக்குப் பாட்டைச் சொல்லித் தந்தது, வேண்டியதைப் பெறும் வழியாகவன்று என்பது அப்பொழுதுதான் எமக்கு விளங்கிற்று. அவர் வாழ்நாளிலும் பெற்றவை சில, இழந்தவை பல. எனினும் விளக்கு ஏற்றாத மாலை இல்லை; பாடாத மாலையும் இல்லை.

மறுவாரம் வகுப்பில் அம்மாணவியை எழுப்பி, "உன் வினாவுக்கு முன்னர் யாம் கூறிய விடை போதாது" என்று தொடங்கி, அல்லைப்பிட்டியிற் கண்டதைக் கூறினோம். இறைவனுக்கு நம் புகழ்ச்சி தேவையில்லை என்பது மெய்யே. சூரியனுக்கு நாம் காட்டும் ஆரத்தி ஒளி சேர்ப்பதில்லை. ஆயினும் துன்பம் வந்தக்கால் நம் உள்ளம் தன் துயரத்தையே உலகமெனக் கருதிச் சுருங்கிவிடுகின்றது. துதி அதனை விரிக்கின்றது. தனித்திருந்து அழுவோரைப் பிறரோடு ஒரே சுருதியில் நிற்க வைக்கின்றது. குரல் நடுங்கும் ஒருத்தி நிறுத்திய இடத்தில் அடுத்தவள் எடுத்துப் பாடுகின்றாள், பாட்டு நிற்பதில்லை. மாணவி சிந்தித்தவாறு அமர்ந்தாள். முழுதும் ஏற்றுக்கொண்டாளோ, யாம் அறியோம். வினாவைக் கைவிடவேண்டாம் என்று மட்டும் அவளிடம் கூறினோம்.

அன்பர்களே, உங்கள் இல்லத்திலும் பாடத் தெரிந்த முதியோர் இருப்பர். கோயிற் பாட்டாயினும் ஆலயப் பாட்டாயினும், அவர் குரல் இருக்கும்போதே பிள்ளைகளை அருகில் அமர்த்திக் கேட்கச் செய்யுங்கள். நூலிற் கற்றது மறக்கும். மடியிற் கேட்டது நிற்கும். என்றோ ஒரு நாள், வேறெதுவும் எஞ்சாத வேளையில், அப்பாட்டு அவர்கட்குத் துணையாகும்.

அன்னையாரின் ஆண்டுத் திவசம் வந்தது. உறவினர் ஒருவரும் கேளாமலே யாம் பதிகத்தைத் தொடங்கினோம். இரண்டாம் அடியில் எம் குரல் தடைப்பட்டது. வீட்டிலிருந்தோர் அதனை எடுத்துப் பாடி முடித்தனர்.